டாக்டருக்கு ஒரு ஓட்டு

வியார் ஆலையின் ஈர நூற்பறையில் யாரும் குரலை நம்பிப் பேசுவதில்லை. கதிர்கள் சுழலும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் காதில் விழாது. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கப் பெண்கள் பழகியிருந்தார்கள். லினன் நார் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கி ஏறிக் கதிரில் சுற்றும்போது தண்ணீரைச் சாரலாய் வீசும். மெழுகுத்துணி முன்கவசத்தையும் தாண்டி அது பாவாடைக்குள் இறங்கும். கல் தரையில் கணுக்கால்வரை நிற்கும் தண்ணீரில் வெறுங்காலோடு வேலை செய்துகொண்டிருந்த ஸுல்மா, அடுத்த இயந்திரத்தில் நின்ற ஒக்தாவியின் உதடுகள் அசைவதைப் பார்த்தாள்.

லெயாந்தர் பின்தங்கிவிட்டான் என்றன அவை. டாக்டர்தான் அவனுக்கு முன்னால் வந்திருக்கிறார். எல்லாருக்கும் மேலே கேப்டன்.

முப்பத்தாறாம் வருஷத் தேர்தலின் முதல் சுற்று முந்தின நாள்தான் முடிந்திருந்தது. லெயாந்தர் அதே ஆலையில் தறி ஓட்டுபவன். தொழிற்சங்கத்தை நடத்துபவன், கம்யூனிஸ்ட் வேட்பாளர். கேப்டன் என்பவர் முதலாளி வியாரின் மருமகன். ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் பட்டை கட்டிய ஆட்களைப் பந்து மைதானத்தில் அணிவகுக்க வைப்பவர். தான் ஜெயித்தால் லிஸ் ஆற்றின் இந்தக் கரையில் ஒரு ஆலையிலும் சங்கம் என்ற பேச்சே இருக்காது என்று மேடையிலேயே சொன்னவர்.

அவரைப் போன்றவர்களை நிறுத்துவதற்காகத்தான் கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் நடுவழிக் கட்சியான ராடிக்கல்களும் பழைய சண்டைகளைக் கட்டி வைத்துவிட்டு ஒரே முன்னணியாகச் சேர்ந்திருந்தார்கள். முதல் சுற்றில் தங்களில் யார் முன்னால் வருகிறாரோ அவருக்காக மற்றவர்கள் இரண்டாம் சுற்றில் விலகிக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். பிரெஞ்சு நாடு முழுக்க அப்படித்தான். குளிர்காலத்தில் மூன்று கட்சிகளும் ஒன்றாய்ப் போன ஊர்வலத்தில் ஸுல்மாவும் பாடிக்கொண்டே நடந்தாள். ஆனால் வார்னெல் ஊரில் முன்னால் வந்தவர் ராடிக்கல் கட்சிக்காரரான டாக்டர் ரொம்போ. ஊரின் மேயரும் அவர்தான்.

ஒக்தாவியின் உதடுகள் மறுபடி அசைந்தன.

“உன் வீட்டுக்காரன் டாக்டருக்குப் போடுவானாடி?”

ஸுல்மா அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட வேண்டும் என்பதுபோலத் திரும்பிக்கொண்டாள். நூல் எதுவும் அறுந்திருக்கவில்லை.

முந்தைய பெரிய வேலைநிறுத்தத்தின்போது குதிரைப்படைக் காவலர்களை ஊருக்குள் அனுப்பச் சொல்லிக் கேட்டவர் டாக்டர்தான். மேயர் கேட்காமல் அவர்கள் அன்றைக்கு வந்திருக்க மாட்டார்கள். மாதா கோயிலை ஒட்டிய சந்தில் ஒரு குதிரை ஸுல்மாவின் கணவன் அஷீலைச் சுவரோடு சேர்த்து நெருக்கியது. இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. அன்று மாலை அதே டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து, வியர்க்க விறுவிறுக்க எலும்பைப் பொருத்திக் கட்டினார். எலும்பு கோணலாகவே கூடியது. தறிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த அஷீல் அதற்குப் பிறகு ஆலைக்குள் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவினான், சூப் வைத்தான், அக்கம்பக்கத்தாரின் காலணிகளுக்கு அடித்தோல் தைத்துக் கொடுத்தான். வீட்டில் காய்ச்சல் தலைவலி என்றால் ஆற்றைக் கடந்து பெல்ஜியப் பக்கத்து மருத்துவரிடம் போவார்களே தவிர, டாக்டர் ரொம்போவின் வாசலை மிதித்ததில்லை.

அன்று சாயங்காலம் ஸுல்மா வீடு திரும்பியபோது லெயாந்தர் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் வைத்திருந்த சிக்கரிக் காப்பி ஆறிப்போயிருந்தது. சனிக்கிழமை சந்தை மைதானத்தில் கூட்டம், மூன்று கட்சிக்கும் ஒரே மேடை என்று சொல்லிக்கொண்டிருந்தான். அஷீல் தைத்துக்கொண்டிருந்த காலணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“விலகிக்கிட்டே, சரி. எதுக்கு என் வீட்டுக்கு வந்தே?”

“நீயும் மேடையில உக்காரணும்.”

“டாக்டர் பக்கத்துலயா?”

“பக்கத்துலதான்.” லெயாந்தர் தொப்பியைக் கையில் சுருட்டினான். “நம்ம தெருவுல எல்லாரும் உன்னைத்தான் பாக்கறாங்க அஷீல். நீ அன்னைக்கு வீட்டுல உக்காந்துட்டா, ஓட்டுப் போடற அன்னைக்கு அவங்களும் வீட்டுல உக்காந்துருவாங்க. கேப்டன் சிரிச்சுக்கிட்டே பாரிசுக்குப் போயிருவார்.”

“உனக்கு அந்த டாக்டரைப் பிடிக்குமா?”

“இத்தனை நாளும் அவரைத் திட்டித்தான் ஓட்டுக் கேட்டேன். இனிமே அதே வாயால அவருக்குக் கேக்கணும். கசக்காம என்ன செய்யும்?”

அஷீல் ஊசியை இழுத்து நூலை இறுக்கினான். லெயாந்தர் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஸுல்மாவுக்குத் தலையசைத்துவிட்டுப் போனான்.

ஸுல்மா ஈரப் பாவாடையைக் கழற்றி அடுப்பருகே கம்பியில் போட்டாள். இருவரும் சூப் குடித்தார்கள். அவளுக்கு ஒக்தாவியின் மாடியறையில் குடியிருக்கும் ஜெர்மன்காரரின் நினைவு வந்தது. அவரும் நெசவாளிதான். எல்லை தாண்டி ஓடிவந்தவர். அங்கே என்ன நடந்தது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. முன்பற்கள் ஒன்றுகூட இல்லாததால் ரொட்டியைக் காப்பியில் ஊறவைத்துத்தான் தின்பார். சங்கத்தில் இருந்தார், பிடித்துக்கொண்டு போனார்கள் என்பது மட்டும் ஒக்தாவிக்குத் தெரியும். பந்து மைதானத்துக் கைப்பட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் ஸுல்மாவின் கண்முன் அந்த வாய்தான் வரும்.

அஷீலிடம் அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவனுக்கும் அது தெரியும். தெரிந்தும் மனம் வராதவனிடம் தெரிந்ததையே சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்த வீட்டை இத்தனை வருஷமாகத் தண்ணீரில் நின்று காப்பாற்றுபவள் அவள். ஆனால் லெயாந்தர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு ஓட்டு இல்லை. அந்த நாட்டில் எந்தப் பெண்ணுக்கும் இல்லை.

மறுநாள் ஆலை விட்டதும் அவள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராக டாக்டரின் வீட்டுக்குப் போனாள். காத்திருக்கும் அறையில் இருமும் கிழவர் ஒருவரும், கையில் கட்டுப்போட்ட கசாப்புக்கடைக்காரரும் இருந்தார்கள். மெழுகிட்ட மரத்தரையில் தன் மரச்செருப்பின் ஈரம் பதிவதைப் பார்த்து அவள் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

உள்ளே கூப்பிட்ட டாக்டர் அவள் முகத்தைவிட முதலில் கைகளைத்தான் பார்த்தார். விரலிடுக்குகளில் தோல் வெந்து வெளுத்திருந்தது. களிம்பு எழுதித் தருவதற்காகப் பேனாவை எடுத்தார். கைக்காக வரவில்லை என்று அவள் தன் பெயரைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

“நீங்க எங்க வீட்டுக்கு வரணும், டாக்டர் ஐயா. கூட்டத்துக்கு முன்னாடி. கார்ல வேணாம். தெருவே பாக்கற மாதிரி நடந்து வரணும்.”

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடி இல்லாதபோது களைத்துப்போன ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார்.

“அவர் என்னை வெளிய தள்ளிட மாட்டாரா, அம்மா?”

“தள்ளலாம். ஆனா நாற்காலிய விட்டு எந்திரிக்கவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.”

அவர் பேனாவை மறுபடி எடுத்துக் களிம்பை எழுதிக் கொடுத்தார். வருவார் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அஷீலிடமும் அவள் எதுவும் சொல்லவில்லை.

டாக்டர் வியாழக்கிழமை சாயங்காலம் வந்தார். ஆலை விட்டு எல்லாரும் வீடு வந்து சேரும் நேரம். தெருவின் செங்கல் வீடுகளுக்கு முன்னால் ஆண்கள் படிகளில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தார்கள். கறுப்புக் கோட்டும் தொப்பியுமாய் அவர் நடுத்தெருவில் நடந்து வந்தபோது ஒருவர்கூட எழவில்லை, ஒருவர்கூட வணக்கம் சொல்லவில்லை. பின்னாலேயே கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன.

அஷீல் ஜன்னலோரம் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான். பிறகு ஸுல்மாவைப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவனுக்கு விளங்கிவிட்டது.

அவள் நாற்காலி எதையும் இழுத்துப் போடவில்லை. டாக்டர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அஷீல் கையிலிருந்த கிழங்கை முழுக்கச் சீவி முடித்துத் தண்ணீர்ச் சட்டியில் போட்டான்.

“மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, ஓட்டுக் கேக்க வந்தீங்களா?”

“ரெண்டுக்கும்தான்,” என்றார் டாக்டர். “ஓட்டு தேவைப்படலேன்னா வந்திருப்பேனான்னு கேட்டீங்கன்னா... தெரியல. வந்திருக்க மாட்டேன்னுதான் நினைக்கிறேன்.”

அஷீல் அவரை அப்போதுதான் நேராகப் பார்த்தான்.

“குதிரைங்கள யார் கூப்பிட்டாங்க?”

“நான்தான். சும்மா நிப்பாங்க, பயமுறுத்துவாங்கன்னு நினைச்சேன். அந்தச் சந்துக்குள்ள...”

“அது வேணாம். முதல்ல சொன்னதை மட்டும் சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா. ஜன்னல் தெறந்துதான் இருக்கு.”

டாக்டரின் காதுமடல் சிவந்தது. தொப்பியை மேசைமேல் வைத்தார். ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்று, கூட்டங்களில் பேசுகிற குரலில் இல்லாமல், நோயாளிக்கு மருந்து சொல்வதுபோல நிறுத்திச் சொன்னார்:

“அன்னைக்குக் குதிரைப்படையைக் கூப்பிட்டது நான்தான். அது தப்பு.”

எதிர்வீட்டுக் கூரையில் புறாக் கூண்டைத் திறந்துகொண்டிருந்தவர் கதவைப் பாதியில் பிடித்தபடி நின்றார். யாரோ இருமினார்கள். அஷீல் அடுத்த கிழங்கை எடுத்தான்.

“மறுபடி கூப்பிடுவீங்களா?”

“மாட்டேன்.”

“சனிக்கிழமை வர்றேன்,” என்றான் அஷீல். “கை குடுக்க மாட்டேன். அதை மட்டும் எதிர்பாக்காதீங்க.”

டாக்டர் தலையசைத்துத் தொப்பியை எடுத்தபோது ஸுல்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். தனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது என்றாள். எங்களுக்கு எப்போது ஓட்டுத் தரப்போகிறீர்கள் என்று கேட்டாள். பெண்கள் எல்லாரும் பாதிரியார் சொல்கிற ஆளுக்கே போட்டுவிடுவார்கள் என்று தன் கட்சியில் பலருக்குப் பயம் இருப்பதாக டாக்டர் சங்கடத்தோடு சொன்னார்.

“நான் கடைசியா கோயிலுக்கு ஓடினது இவர் இடுப்பு உடைஞ்ச அன்னைக்கு,” என்றாள் ஸுல்மா. “உள்ள தூக்கிட்டுப் போகலாம்னு. கதவைச் சாத்தி வெச்சிருந்தாங்க. உங்க கட்சியில போய் அதைச் சொல்லுங்க.”

சனிக்கிழமை மேடையில் அஷீல் டாக்டருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். பேசவில்லை. அவன் அங்கே உட்கார்ந்திருந்ததே போதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸுல்மா அவனுக்குத் தோள்கொடுத்து, ஓட்டுப் போடும் பள்ளிக்கூடம்வரை நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். அவன் உள்ளே போக, அவள் மற்றப் பெண்களோடு சுவரோரம் வெயிலில் நின்றாள். தங்கள் தெரு ஆண்கள் ஒவ்வொருவராக வருவதை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வராத ஒருவனை ஒக்தாவி பீர்க்கடைக்கே போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தாள். அன்று மாலை எண்ணி முடித்தபோது டாக்டர் மயிரிழையில் ஜெயித்திருந்தார். பாரிசில் ஆட்சியும் முன்னணிக்கே கிடைத்தது.

அதற்கடுத்து வந்த ஜூன் மாதத்தை வார்னெல்காரர்கள் மறக்கமாட்டார்கள். நாடெங்கும் தொழிலாளர்கள் ஆலைகளை விட்டு வெளியே வராமல் உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். வியார் ஆலையிலும் அப்படித்தான். இயந்திரங்கள் நின்ற ஈர நூற்பறையில் தரை முதல்முறையாகக் காய்ந்தது. வைக்கோல் பரப்பிப் பெண்கள் அங்கேயே படுத்தார்கள். வெளியிலிருந்து ரொட்டியும் சூப்பும் ஆலை வாசல் கம்பிகளுக்கு மேலாக வந்தன. ஒருவன் அக்கார்டியன் கொண்டுவந்தான். ஒக்தாவி சிரித்தபோது ஸுல்மா திரும்பிப் பார்த்தாள். அவள் சிரிப்பில் அப்படி ஒரு கரகரப்பு இருப்பது இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றும் அந்த அறையில் காதில் விழுந்ததே இல்லை.

டாக்டர் தன் பதவிக்குரிய மூவர்ணப் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆலைக்கு வந்தார். குதிரைகள் வரவில்லை. முதலாளி வியாரை அவரும் லெயாந்தருமாக ஒரு பகல் முழுக்க மேசையில் உட்கார வைத்தார்கள். கூலி ஏறியது. வாரத்துக்கு நாற்பது மணி நேரம்தான் வேலை என்று சட்டம் வந்தது. வேலை செய்யாமலே சம்பளத்தோடு விடுமுறை என்றும் ஒன்று வந்தது. ஒக்தாவி அதைக் கடைசிவரை நம்பவில்லை. ஆகஸ்டில் ஸுல்மாவும் அஷீலும் ரயிலேறி மாலோ கடற்கரைக்குப் போனார்கள். அஷீல் மணலில் கோட்டை விரித்து உட்கார்ந்தான். ஸுல்மா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளிர்ந்த தண்ணீரில் நின்றாள். வா போகலாம் என்று அவன் பலமுறை கூப்பிட்டும் வரவில்லை. தண்ணீரில் நிற்பது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் நினைத்தபோது வெளியே வரலாம் என்பது புதிது.

பிறகு விலைவாசி ஏறிக் கூட்டிய கூலியைத் தின்றது. பாரிசில் ஒரு அரசு போய் இன்னொன்று வந்தது. முன்னணிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பத்திரிகைகளில் திட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். டாக்டர் ஊருக்கு வருவது குறைந்தது. முன்னணி எந்த நாளில் உடைந்தது என்று ஸுல்மாவால் சொல்ல முடியாது. ஈரத்தில் நைந்த துணிபோல, கையில் எடுத்துப் பார்த்தபோது அது இல்லை. முப்பத்தெட்டாம் வருஷம் இலையுதிர்காலத்தில் ராடிக்கல்களின் அரசு வலதுசாரிகளின் துணையோடு, பாராளுமன்றத்தைத் தாண்டிச் சட்டம் போடும் தனி அதிகாரம் கேட்டு வாங்கியது. அதைக் கொடுக்க ஓட்டுப் போட்டவர்களில் டாக்டர் ரொம்போவும் ஒருவர். நவம்பரில் அந்த அதிகாரத்தை வைத்து நாற்பது மணி நேரத்தைக் காலிசெய்தார்கள்.

அதை எதிர்த்து நாடு முழுக்க ஒருநாள் வேலைநிறுத்தம் என்று சங்கம் அறிவித்தது. வியார் ஆலையில் பெண்களைத் திரட்டியது ஸுல்மாதான். விடியற்காலையில் ஆலை வாசலில் அவர்கள் கைகோத்து நின்றபோது காவல் படை லாரிகளில் வந்து இறங்கியது. மேயர் கேட்டுக்கொள்ளவில்லை, அவர்களாகவே வந்தார்கள். துப்பாக்கிக் கட்டைகளால் தள்ளிப் பாதை எடுத்தார்கள். ஒக்தாவியின் மணிக்கட்டு வீங்கியது. மறுநாள் முதலாளி ஆலையைச் சாத்தினார். எல்லாருக்கும் வேலை போய்விட்டது, வேண்டியவர்களை மட்டும் திரும்ப எடுப்போம் என்று வாசலில் ஆள் நின்று சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வீட்டு வண்டிக்காரன் ஒரு மூட்டை நிலக்கரியை அஷீலின் வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போனான். தான் இந்தத் தடவை குதிரையையோ லாரியையோ கூப்பிடவில்லை என்று டாக்டர் சொல்லச் சொன்னாராம். தன்னால் முடிந்தால் முதலாளியிடம் பேசிப் பார்ப்பதாகவும் சொன்னாராம்.

அஷீல் மூட்டையைப் பார்த்தான்.

“உண்மைதான்,” என்றான். “கூப்பிடல. ஓட்டு மட்டும்தான் போட்டார்.”

திருப்பி அனுப்பிவிடு என்றான். ஸுல்மா வாசலுக்குப் போனாள். தெருவின் சாக்கடை ஓரத்தில் தண்ணீர் உறைந்திருந்தது. உள்ளே அடுப்பு அணைந்து இரண்டு நாளாகியிருந்தது. குளிரில் அவன் இடுப்பு எப்படி இறுகிப்போகும் என்பதும் இரவில் அவன் பல்லைக் கடிக்கும் சத்தமும் அவளுக்குத்தான் தெரியும். அவள் மூட்டையை உள்ளே இழுத்தாள். அஷீல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அடுப்பு பற்றி அறை சூடானபோதும் அவன் திரும்பவில்லை.

“அன்னைக்கு அவரைக் கூட்டிட்டு வந்தது நான்தான்,” என்றாள் ஸுல்மா, அவன் முதுகைப் பார்த்து.

“கூட்டிட்டு வந்தது சரிதான்,” என்றான் அவன். “கேப்டன் வந்திருந்தா ஜூன் மாசமே வந்திருக்காது. கடலைப் பாத்திருக்க மாட்டே.” பிறகு, “இன்னும் கொஞ்சம் கரி போடு,” என்றான்.

ஆலை திறந்த அன்று காலையில் எல்லாரும் வாசலில் வரிசையாக நின்றார்கள். மேஸ்திரி பெயர் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொருவரையும் ஒரு பார்வை பார்த்து, வாயில் பக்கமோ தெருப் பக்கமோ தாடையை ஆட்டினார். லெயாந்தர் தெருப் பக்கம். ஒக்தாவி வாயில் பக்கம். வீங்கிய மணிக்கட்டைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு, ஸுல்மாவைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். ஸுல்மாவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. தன் முறை வந்தபோது மேஸ்திரி தாடையை ஆட்டக்கூட இல்லை. அவளைத் தாண்டி அடுத்தவளைப் பார்த்தார்.

லெயாந்தர் அவள் அருகில் வந்து, சங்க அலுவலகத்துக்குப் போகிறேன், வருகிறாயா என்றான். கொஞ்சம் பொறுத்து வருகிறேன் என்றாள். அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனான்.

பாலத்தைத் தாண்டி பெல்ஜியப் பக்கத்திலிருந்து ஒரு பேருந்து வந்து நின்றது. நீக்கியவர்களுக்குப் பதிலாக முதலாளி வரவழைத்த பெண்கள் அதிலிருந்து இறங்கி, ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு ஆலையை அண்ணாந்து பார்த்தார்கள். அவர்களில் ஸுல்மாவின் வயதே இருக்கக்கூடிய ஒருத்தி, ரொட்டி மூட்டையும் காப்பி நிறைத்த தகரக் குடுவையுமாகத் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தாள். தன் பிளெமிஷ் மொழி கலந்த கொச்சைப் பிரெஞ்சில், ஈர நூற்பறைக்கு எந்த வழி என்று கேட்டாள்.

ஸுல்மா அவளைப் பார்த்தாள். உல்லன் காலுறை முழங்கால்வரை ஏறியிருந்தது. பழையது, குதிகாலில் அழகாக ஒட்டுப்போட்டது.

“உள்ள போனதும் இடது பக்கக் கதவு. படி வழுக்கும், பாத்து. அதை இங்கயே கழட்டிடுங்க, உள்ள போனா அரை மணியில ஊறிரும். அப்புறம் சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப போட்டுக்க இருக்காது.”

அந்தப் பெண்ணுக்குப் பாதிதான் விளங்கியது. ஸுல்மா காலுறையைத் தொட்டுக் காட்டினாள். அவள் சிரித்தாள். கையிலிருப்பதை வைக்க இடம் தேடினாள். தரை முழுக்க உறைபனி. ஸுல்மா கையை நீட்டி ரொட்டி மூட்டையையும் குடுவையையும் வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் ஸுல்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக்காலில் நின்று, காலுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்துக் கோட்டுப் பையில் வைத்தாள். வெள்ளை வெளேரென்ற கால்களை மரச்செருப்புக்குள் நுழைத்தாள். பிறகு மூட்டையையும் குடுவையையும் திரும்ப வாங்கிக்கொண்டு, நன்றி அம்மா என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

சங்கு ஊதியது. காவல்காரன் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினான். கொஞ்ச நேரத்தில் உள்ளே கதிர்கள் சுழலத் தொடங்கின. ஈர நூற்பறையின் ஜன்னல் கண்ணாடிகள் இடது கோடியிலிருந்து ஒவ்வொன்றாக நீராவி படிந்து வெளுத்துக்கொண்டு வந்தன.